வீட்டுக் கொட்டிலில் மோட்டார் சைக்கிள் தூக்கி



நமது நாட்டில் பதிவுபெற்றுள்ள வாகனங்களுள் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. ஆசிரியர், தபாற்காரர், கமக்காரர், மருத்துவமாது, மீன் வியாபாரி எனப் பலதிறத்தாரின் அன்றாட வாழ்வு அவ்விரண்டு சில்லுகளின் மேலே ஓடுகின்றது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்குரிய வாகனங்களைக் கொண்டுவருவதற்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் இடங்கிடைத்தது. இடைப்பட்ட ஏறக்குறைய 5 ஆண்டுகளில் புதிய வண்டி என்பது பலருக்குக் கனவாயிற்று. பழைய வண்டியைப் பேணுவதே வழியாயிற்று. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்கு அனுமதி முறை வந்தபோது ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்திற்கு 4 லீற்றர் பெற்றோலே முதலிற் கிடைத்தது. பிறேக் உரசிக்கொண்டும், செயின் எண்ணெயின்றி வறண்டும் ஓடுகின்ற வண்டி அந்த 4 லீற்றரை எவ்வளவு விரைவாகக் குடித்துவிடும் என்பதை அப்பொழுது பலரும் கண்டுகொண்டனர்.

வடபகுதியில் வாழ்ந்தோருக்கு இது புதிய பாடமன்று. 1990களின் முற்பகுதியில், எரிபொருளுக்குத் தடை நிலவிய காலத்தில், சில துளி பெற்றோலைக் கொண்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அப்பால் மண்ணெண்ணெயிலே வண்டியை ஓட்டினோம். பிளக்கிலே கரி படியும். தெருவோரத்தில் நின்று கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டுவோம். பொறியியல் படியாதவர்கூட அக்காலத்தில் அரைப் பொறியியலாளர் ஆகிவிட்டனர். நான் கலைப்பட்டதாரி, வரலாறும் தமிழும் கற்பித்தவன். எனினும் என் வண்டிக்கு எண்ணெய் மாற்றுவதையும், செயினைச் சரிசெய்வதையும், பிறேக் சப்பாத்து மாற்றுவதையும் இன்றுவரை நானே செய்துவருகின்றேன். அவ்வேலைக்குத் துணையாக வீட்டிற் கொள்ளத்தக்க ஒரு கருவியைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். கடைக்காரர் அதை ஜக் என்பர், லிஃப்ற் என்பர். நாம் தூக்கி என்றே வழங்குவோம்.

தூக்கி எதற்கு என்று கேட்பவர், சீமெந்துத் தரையிலே குந்தியிருந்து பின்சில்லைக் கழற்றிப் பார்க்காதவராகவே இருப்பார். இருபது வயதில் அது ஒரு பொருட்டன்று. ஐம்பது கடந்தபின் முழங்கால் முதலிற் பேசும். அடுத்து இடுப்புப் பேசும். ஆயினும் உடல் நோவு சிறிய காரணமே. பெரிய காரணத்தை, எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லி விளக்குகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறை நாளில் வண்டியை நடுத்தாங்கியிலே, அதாவது சென்ரர் ஸ்ராண்டிலே, நிறுத்திவிட்டுப் பின்சில்லின் அச்சு நட்டைக் கழற்ற முயன்றேன். மழைக்காலம் முழுவதும் ஓடிய வண்டியாதலால் நட்டுத் துருவேறி இறுகியிருந்தது. ஸ்பனரின் பிடியிலே ஒரு குழாயைச் செருகி நீளமாக்கிக்கொண்டு, தரையில் இருந்தபடியே முன்நோக்கி இழுத்தேன். நட்டு அசையவில்லை, வண்டி அசைந்தது. நடுத்தாங்கி மடங்கிற்று. வண்டி முன்னே உருண்டு, சுவரிலே மோதி, நான் இருந்த பக்கமாகவே சரிந்தது. கையைப் பின்னிழுத்துக்கொண்டேன். விரலுக்கும் புகைக்குழாய்க்கும் இடையில் இரண்டு அங்குலம் இருந்திருக்கும். பெற்றோல் தாங்கியிலே அன்று விழுந்த பள்ளம் இன்றும் இருக்கின்றது. ஓசை கேட்டு வேலிக்கப்பால் இருந்து வந்த அயலவர், நெடுங்காலம் கராஜ் நடத்தி ஓய்ந்த பெரியவர், வண்டியை நிமிர்த்தத் துணைசெய்துவிட்டு, “மாஸ்ரர், தூக்கி வைக்கிறது லேசு. வைச்ச இடத்திலை அது நிக்குதோ எண்டுதான் பாக்கவேணும்” என்றார். தூக்குவது வேறு, தாங்குவது வேறு என்பதை நான் கற்றது அன்றுதான். தூக்கி வாங்குவோர் பலர் விலை கொடுப்பது முன்னையதற்கு. விபத்து நேர்வதோ பின்னையதை மறந்தமையால்.

முதலில், தூக்கி எவ்வாறு தூக்குகின்றது என்பதைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துக் கிணற்றடியிலே துலா மிதித்ததைக் கண்டவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். ஆடுகாலின்மேல் அசையும் நீண்ட மரம், ஒரு தலையிலே கொடியும் பட்டையும், மறுதலையிலே பாரம். துலாவின்மேல் ஏறி ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, நீர் நிறைந்த பட்டை தாழ்ந்தும் எழுந்தும் வரும். கையால் இழுத்தால் சில பட்டைகளிலே களைத்துப்போகிறவர், துலாவின் துணையால் தோட்டம் முழுவதற்கும் இறைத்துவிடுவார். நெம்புகோலின் தத்துவம் அதுதான். பின்சில்லை மட்டும் நிலத்திலிருந்து உயர்த்துகின்ற பெடொக் ஸ்ராண்ட் என்னும் தாங்கி, இத்தத்துவம் ஒன்றையே நம்பியது. நீண்ட பிடியைக் கீழே அமுக்க, குறுகிய மறுமுனை வண்டியின் பின்பாகத்தை ஏந்துகின்றது.

எண்ணெயால் இயங்கும் நீரியல் ஜக் மற்றொரு தத்துவத்தைச் சேர்த்துக்கொள்கின்றது. பிரான்சு நாட்டறிஞர் பஸ்கால், அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் அமுக்கத்தை உண்டாக்கினால் அது குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்று காட்டினார். அவர் 1662இல் மறைந்தார். அந்நூல் மறுவருடம் 1663இல் வெளிவந்தது. அதனைக் கொண்டு தொழிற்படும் பொறியாக நீரியல் அமுக்கிக்கு இங்கிலாந்திலே பிரமா என்பவர் உரிமம் பெற்றது 1795இல். ஏட்டிலிருந்து பட்டறைக்கு வர 132 ஆண்டுகள்! கணக்கு மிக எளியது. சிறிய ஆடுதண்டின் முகம் 1 சதுர சென்ரிமீற்றர் என்றும், பெரியதன் முகம் 20 சதுர சென்ரிமீற்றர் என்றும் கொள்வோம். சிறியதன்மேல் 10 கிலோ பாரத்தை வைத்தால், உராய்வை விட்டுப் பார்க்கையில், பெரியது 200 கிலோவை ஏந்தும். ஆனால் பெரியது 1 சென்ரிமீற்றர் எழுவதற்குச் சிறியது 20 சென்ரிமீற்றர் இறங்கவேண்டும். ஆதலால் ஜக்கின் மிதிபடியைப் பலமுறை மிதிக்கின்றோம். இயற்கை எதனையும் இலவசமாகத் தருவதில்லை. தவணை முறையிலே செலுத்த மட்டும் இடந்தருகின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை பிறக்கின்றது. வண்டியை மேலே வைத்திருப்பது அடைபட்ட எண்ணெய். அதனை அடைத்து வைத்திருப்பது ஒரு றபர் வளையமும் ஒரு சிறிய அடைப்பும். றபர் தேயும், அடைப்பிலே மணல் ஒட்டும். காலையில் உயர்த்திய வண்டி மதியத்திலே இரண்டு அங்குலம் தாழ்ந்திருப்பதைக் கண்டிருக்கின்றேன். எனவே நல்ல நீரியல் தூக்கிகளிலே, உயர்த்திய பின்னர் துளைகளில் மாட்டத்தக்க இரும்புத் தண்டு ஒன்றோ, பற்களிலே விழுந்து பிடிக்கும் கொளுவி ஒன்றோ இருக்கும். அதனை மாட்டியபின் பாரம் எண்ணெயிலிருந்து இரும்புக்கு மாறுகின்றது. இக்கொளுவி இல்லாத தூக்கியை எவ்வளவு மலிவாயினும் வாங்கவேண்டாம் என்பதே என் கருத்து. இருந்தும் மாட்டாதவர் இல்லாதவரிலும் மோசம். அவர் பாதுகாப்புக்கு விலைகொடுத்து அதனைச் சுவரிலே தொங்கவிடுகிறார்.

தூக்கிகளுள் மூன்று வகை நம் வீடுகளுக்குப் பொருந்துவன. ஒன்று, மேற்சொன்ன பெடொக் ஸ்ராண்ட். செயின் கழுவவும் பின்சில்லைக் கழற்றவும் போதும்; விலையும் குறைவு. இரண்டாவது, எஞ்சினின் கீழே தள்ளி உயர்த்தும் கத்தரி ஜக். கத்தரிக்கோலின் கைகள் போலக் குறுக்கிட்ட இரும்புச் சட்டங்களைத் திருகாணியாலோ எண்ணெயாலோ நெருக்கி உயர்த்துவது. மூன்றாவது, வண்டி முழுவதையும் ஏற்றி நிறுத்தும் மேடைத் தூக்கி. ஏறத்தாழ இரண்டு மீற்றர் நீளமான தகட்டு மேடை. முன்சில்லைக் கவ்வும் இடுக்கி. மேடையோடு வண்டியை இழுத்துக் கட்டப் பட்டிகள். தொழிலாகச் செய்பவர்களுக்கு மூன்றாவது சிறந்தது. வீட்டுக்கு அது பெரும்பாலும் ஆடம்பரமே. இடத்தை அடைக்கும், ஆண்டில் பத்து நாளே பயன்படும். நாலைந்து வீட்டார் கூடி ஒன்றை வாங்கி ஒரு கொட்டிலிலே வைத்துக்கொண்டால் அது வேறு பேச்சு.

தூக்கியிற் பொறித்திருக்கும் எடை எண்ணைக் கண்டு மயங்கவேண்டாம். 450 கிலோ தாங்கும், 500 கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கும். நம் தெருக்களிலே ஓடும் 150 சீசீ வண்டி 140 கிலோ அளவினது. பழைய ஹொண்டா சீ 90 போன்ற சிறிய வண்டி 90 கிலோவை ஒட்டியது. புல்லட் போன்ற பெருவண்டியும் 200 கிலோவை அணுகுவதே. பளுவிலே இவை எதுவும் தூக்கியை வெல்லப்போவதில்லை. ஆராயவேண்டியது அடியின் அகலம். அகன்ற கால்களை உடைய தூக்கி 300 கிலோவுக்கு உரியதாயினும், ஒடுங்கிய கால்களை உடைய 500 கிலோத் தூக்கியிலும் நமக்கு நல்லது.

வண்டியின் கீழ்ப்புறம் எல்லா வண்டிகளுக்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். எஞ்சினுக்குக் கீழாகச் சட்டக்குழாய்கள் இரண்டு ஓடுகின்ற வண்டிகளிலே ஜக்கின் தட்டை அக்குழாய்களில் அணைத்து உயர்த்தலாம். ஹொண்டா சுப்பர் கப் குடும்பத்து வண்டிகளோ அப்படியல்ல. 1958இல் வெளிவந்து, 2017அளவில் 10 கோடியைத் தாண்டி உற்பத்தியான அக்குடும்பத்து வண்டிகளில் எஞ்சின் சட்டத்திலிருந்து கீழே தொங்குகின்றது. அதற்கு அடியிலே இரும்பு இல்லை. எஞ்சினின் அலுமினிய அடிப்பெட்டியே உண்டு. அதிலே எண்ணெய் வடிக்கும் போல்ட்டுத் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். ஜக்கின் இரும்புத் தட்டை நேரே வைத்து உயர்த்தினால் போல்ட்டின் புரி உடையலாம், அடிப்பெட்டி வெடிக்கலாம். ஆதலால் போல்ட்டுக்கு இடம்விட்டுக் குடைந்த ஒரு மரப்பலகையைத் தட்டின்மேல் வைத்து, பாரம் பரவுமாறு உயர்த்தவேண்டும். என் கொட்டிலிலே அத்தகைய வேப்பம்பலகை ஒன்று உண்டு. ஆறேழு ஆண்டாக எண்ணெய் குடித்துக் கறுத்துவிட்டது. தூக்கியைவிட அதனையே நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இனி, தாங்குதல். ஒரு பொருளின் புவியீர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழாக வரும் கோடு அப்பொருள் நிற்கும் அடிப்பரப்புக்குள்ளே விழும்வரை அது நிற்கும்; வெளியே போனதும் கவிழும். பள்ளிக்கூடத்திலே நாற்காலியைச் சாய்த்துக்காட்டி நாம் கற்பிப்பது இது. வண்டி நிலத்திலே நிற்கும்போது இரு சில்லுகளுக்கிடையே நீண்ட அடி உண்டு. ஜக்கின்மேல் ஏறியதும் அந்த நீளம் ஒரு சாணுக்கோ இரண்டு சாணுக்கோ ஒடுங்கிவிடுகின்றது. இந்நிலையிலே ஒருவர் பின்சில்லைக் கழற்றி எடுக்கிறார் என்று வைப்போம். வண்டி 140 கிலோ. பற்சில்லும் பிறேக் பெட்டியும் சேர்ந்த பின்சில்லு 10 கிலோ. அது மையத்திலிருந்து 65 சென்ரிமீற்றர் பின்னே இருந்தது. கணக்கிட்டுப் பாருங்கள்: எஞ்சிய 130 கிலோவின் மையம் 5 சென்ரிமீற்றர் முன்னே நகர்ந்துவிடும். ஒடுங்கிய தட்டின்மேல் 5 சென்ரிமீற்றர் சிறிய தூரமன்று. கையிலே சில்லை ஏந்திக்கொண்டு நிற்பவரின் கண்முன்னே வண்டி மெல்ல மூக்குத் தாழ்த்தும். இரு கையும் சில்லிலே இருப்பதால் அவராற் பிடிக்கவும் இயலாது.

இதற்குப் பரிகாரம் எளியது. பின்சில்லைக் கழற்ற எண்ணினால், உயர்த்தும்போதே ஜக்கைச் சிறிது முன்னே தள்ளி வைக்கவேண்டும். முன்சில்லைக் கழற்ற எண்ணினால் சிறிது பின்னே. கழற்றிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமே தாழும் என்பதை நினைவிலிருத்தி, அப்பக்கத்திற்கு முன்கூட்டியே ஒரு முட்டுக் கொடுக்கவேண்டும். மேலும், கொட்டிலின் வளை உறுதியானதாயின் அதிலிருந்து ஒரு கயிற்றை இறக்கி ஆசனத்தின் பின்பிடியிலே தளர்வின்றிக் கட்டிவைப்பது நன்று. இக்கயிறு வண்டியைத் தூக்குவதற்கன்று. சரியத் தொடங்கினால் தடுப்பதற்கு. ஓலைக் கொட்டிலின் உளுத்த வளையிலே கட்டி, வண்டியோடு கூரையையும் இறக்கிக்கொள்ளவேண்டாம்.

இறுகிய நட்டுகளை எல்லாம் வண்டி நிலத்திலே நிற்கும்போதே அரைச்சுற்று நெகிழ்த்திவிடவேண்டும். நான் செய்த பிழை இதனைச் செய்யாமை. 30 சென்ரிமீற்றர் ஸ்பனரைக் கொண்டு சாதாரண அச்சு நட்டொன்றைத் திறக்க ஏறக்குறைய 20 கிலோ பாரத்தின் விசை வேண்டும். துரு ஏறினால் இன்னும் மிகும். அவ்விசையை முன்னும் பின்னுமாகச் செலுத்தினால் அது வண்டியை உருட்டும். கீழ்நோக்கி அமுக்குமாறு ஸ்பனரை வைத்துக்கொண்டால் நிலம் அதனை ஏற்றுக்கொள்ளும். நெகிழ்த்தியபின் உயர்த்துக, உயர்த்தியபின் விரலாலே கழற்றுக. வண்டி மேலே இருக்கையில் எந்த நட்டுக்கும் முழுப்பலம் வேண்டியிருந்தால், இறக்கிவிட்டு மறுபடி தொடங்குவதே முறை.

உயர்த்துவதற்கு முன் முன்பிறேக் பிடியைக் கைப்பிடியோடு சேர்த்துப் பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து வெட்டிய ஒரு பட்டியாற் சுற்றிவிடுங்கள். முன்சில்லு உருளாது. பெடொக் ஸ்ராண்டிலும் நடுத்தாங்கியிலும் நிறுத்துவோர்க்கு இஃது இன்றியமையாதது. முற்றம் மணலாயின் தூக்கியின் சிறு சில்லுகள் புதையும். கீழே அகன்ற பலகை ஒன்றைப் போடவேண்டும். மழைநீர் ஓடுவதற்காகச் சாய்த்துக் கட்டிய சீமெந்துத் தரையும் நம்பத்தக்கதன்று. ஒரு போத்தலைப் படுக்கவைத்து உருள்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். முதன்முறை உயர்த்தும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் நிற்கட்டும். என் வீட்டிலே அப்பணி மனைவியுடையது. “வேலை முடிய எவ்வளவு நேரம் செல்லும்?” என்று அவர் கேட்பதும், நான் அரைமணி என்று பொய் சொல்வதும் வழக்கம்.

தூக்கி ஒரு தீமையையும் தன்னோடு கொண்டுவருகின்றது. பின்சில்லு நிலத்தைத் தொடாமற் சுழலத் தொடங்கியதும், எஞ்சினை இயக்கிக் கியரிலே போட்டால் செயின் தானே ஓடும், துணியைப் பிடித்தால் தானே துடைபடும் என்ற எண்ணம் எவருக்கும் தோன்றும். அவ்வெண்ணத்துக்கு விரல்களைக் கொடுத்தவர் உலகெங்கும் உண்டு. ஓடும் செயின் துணியைக் கவ்வும். துணி விரலைக் கூட்டிச்செல்லும். செயினும் பற்சில்லும் சந்திக்கும் இடத்திலே கத்திக்கு வேலையில்லை. கையை இழுத்துக்கொள்ள மனம் நினைக்குமுன் காரியம் முடிந்துவிடும். ஆதலால் எஞ்சின் நின்றிருக்கவேண்டும்; திறப்பு வண்டியிலன்றிச் சட்டைப்பையிலே இருக்கவேண்டும்; கியர் நியூற்றலிலே இருக்கவேண்டும். சில்லைக் கையாலே பின்னோக்கிச் சுழற்றி, செயின் பற்சில்லுக்குள் நுழையும் இடத்தைத் தவிர்த்து, மண்ணெண்ணெய் தோய்த்த தூரிகையாற் கழுவிப் பின் எண்ணெய் இடுக. இறுக்கத்தைப் பார்க்கும்போது சில்லைச் சிறிது சிறிதாகச் சுழற்றிப் பல இடங்களிலே பாருங்கள். தேய்ந்த செயின் ஓரிடத்தில் தளர்ந்தும் ஓரிடத்தில் இறுகியும் இருக்கும். சாதாரண வண்டிகளுக்கு நடுவிலே 20 முதல் 30 மில்லிமீற்றர் அசைவு பொருந்தும். உங்கள் வண்டிக்குரிய அளவு அதன் கைந்நூலிலோ செயின் மூடியிலோ குறித்திருக்கும். அவ்வளவை உயர்த்திய நிலையிலா நிலத்தில் நின்ற நிலையிலா எடுக்கவேண்டும் என்பதையும் அங்கேயே கண்டுகொள்ளலாம்.

கொட்டிலின் காற்றையும் மறவாதீர்கள். பெற்றோலின் ஆவி காற்றினும் பாரமானது. தரையிலே தவழ்ந்து செல்லும். சமையலறைக்கு ஒட்டிய கொட்டிலிலே காபறேற்றரைக் கழற்றினால் அவ்வாவி அடுப்பைத் தேடிப் போகலாம். எஞ்சினை மூடிய அறையில் இயக்குவதோ, நிறமும் மணமுமற்ற காபன் ஓரொட்சைட்டு வாயுவைச் சுவாசிப்பதற்கு ஒப்பாகும். கதவைத் திறந்துவையுங்கள், அல்லது வண்டியை முற்றத்திற்கு எடுங்கள்.

வேலை முடிந்தபின் இறக்குவதிலே அவசரம் ஆகாது. பிள்ளைகளும் நாயும் கோழியும் அப்பாலிருக்கட்டும். கீழே கிடக்கும் ஸ்பனர்களை எடுத்துவிட்டு, கழற்றிய நட்டுகளை இட்டுவைத்த கிண்ணத்தைப் பாருங்கள். அதில் ஒன்று மிஞ்சியிருந்தால் வண்டியிலே ஒன்று குறைந்திருக்கின்றது. பக்கத்தாங்கியை வெளியே விரித்து வைத்துக்கொண்டு, வண்டிக்கு இடப்புறம் நின்று, ஒரு கையாற் கைப்பிடியைப் பற்றியபடி, மற்றவரைக் கொண்டு எண்ணெய் விடும் திருகைக் கால்சுற்று மட்டும் திறக்கச் சொல்லுங்கள். முழுவதும் திறந்தால் வண்டி விழுந்ததற்கு ஒப்பாகவே இறங்கும். நிலத்தில் நின்றபின் அச்சு நட்டை இறுதியாக இறுக்கி, அதற்குரிய பிளவூசியை மாட்டி, பின்பிறேக்கின் தாங்குதண்டு நட்டையும் தொட்டுப்பாருங்கள். அவிழ்த்த ரியூப் பட்டியை ஆணியிலே மாட்டிவிட்டு, இரு பிறேக்குகளையும் இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தபின்பே ஏறவேண்டும். முதல் ஓட்டத்தை ஒழுங்கையின் முடிவுவரை மெதுவாகப் போய்த் திரும்புமளவில் வைத்துக்கொண்டு, இறங்கியதும் அச்சு நட்டின்மீது ஸ்பனரை மீண்டும் ஒருமுறை வைத்துப் பார்த்தால் அன்றைய வேலை முடிந்தது.